ஏழு பூச்சு

தேர்தல் முடிவை நாங்கள் வானொலியில் கேட்டதில்லை.
பெயிண்ட் கம்பெனிக்காரன் கிடங்குக்குப் போன் செய்து
"எத்தனை டின்?" என்பான் ஒவிதியோவிடம்.
எந்தக் கம்பெனிக்காரன் என்பதிலேயே நிறம் தெரிந்துவிடும்.
வாக்கு எண்ணி முடிய இரண்டு நாள்.
லாரி அன்றிரவே வந்து நிற்கும்.

புவர்தோ அல்வார் மாநகராட்சி,
பூங்காப் பிரிவு, பணியாளர் எண் நானூற்றுப் பன்னிரண்டு,
எதெல்மீரா சால்திவார்.
இருபது லட்சம் ஜனம், ஆறாயிரத்து நூறு பெஞ்சு.
முப்பத்தொரு வருஷமாக
என் நகக்கண்ணில் ஆட்சி மாறியிருக்கிறது.
நிறம் ஐந்து, ஆள் நான்கு.
கணக்கு உதைக்கிறதா? வருகிறேன்.

இன்று துறைமுகச் சதுக்கம்,
படகுத்துறைக்கு எதிரே மூன்றாவது பெஞ்சு.
முதலில் உரிவது ஆரஞ்சு:
மருத்துவர் பாஸ்தோரினி, குடிமக்கள் முன்னணி.
கட்சிக்கு வயது நான்கு,
தொட்டதும் தோலாய்க் கழன்று வந்தது.
அதற்கடியில் பச்சை.
ஆற்றங்கரையை விற்றவர் என்று இன்றும் ஏசுகிறார்கள்.
எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததும் அவர் காலத்தில்தான்.
இரண்டையும் ஒரே வாயால் சொல்ல
இந்த ஊரில் யாருக்கும் வராது.

பச்சைக்கடியில் சிவப்பு, சிவப்புக்கடியில் நீலம்,
இரண்டும் ஒரே ஆள்:
பிராவ்லியோ உசந்திவாராஸ்.
நீலத்தில் குமிழ் குமிழாய் இருக்கும், பாருங்கள்.
வியாழன் பதவியேற்பு, புதன் இரவு மழை,
குடையின் கீழே குந்திப் பூசினோம்.
காலையில் படமெடுக்க அதில் உட்கார்ந்தார்,
எழுந்தபோது கால்சட்டையில் நான்கு நீலக் கோடு.
கட்சி இவ்வளவு ஒட்டிக்கொண்ட மேயர் வேறு யாருமில்லை.
இரண்டே வருஷத்தில் கழற்றிப் போட்டுவிட்டுச் சிவப்புக்குப் போனார்.
ஆறாயிரத்து நூறு பெஞ்சும் கூடவே போயிற்று.

நீலத்துக்கடியில் மஞ்சள்.
என் கை தொடங்கியது இங்கேதான்.
ஓரத்தில் தூரிகை மயிர் ஒன்று
பூச்சோடு பூச்சாக உறைந்திருக்கிறது,
புதிதாய்ச் சேர்ந்தவள் அழுத்திப் பிடித்திருக்கிறாள்.

மஞ்சளுக்கடியில்
சாம்பல்.

நகர மண்டபத்துச் சலவைக்கல்லில்
மேயர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது.
எலெயுத்தேரியோ கான்தெரா, டிராம் ஓட்டியவர்,
தொழிலாளர் கட்சி, பதினோரு மாதம்;
அடுத்த வரி நேராக மஞ்சள்.
நடுவில் ஒன்பது வருஷம். கல்லில் ஒரு விரற்கடைகூட இடம் விடவில்லை.
பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தால்
ஒரு வியாழன் இரவு தூங்கி மறுநாள் விழித்ததுபோல் இருக்கும்.

பெஞ்சுக்கு அப்படி வாசிக்கத் தெரியாது.
போர்க்கப்பலுக்கு அடிக்கும் பெயிண்ட், இரண்டு கை.
"எத்தனை டின்?" என்று யாரும் யாரையும் கேட்காத காலம்.
சுரண்டி வழுக்குகிறது.
முப்பத்தொரு வருஷத்துக்கு முன்
இதை மூடச் சொன்னார்கள்.
சுரண்டச் சொல்லவில்லை.
ஏன் என்று நான் கேட்கவுமில்லை;
வேலை புதிது, பெயிண்டும் நல்ல பெயிண்ட்.

இப்போது மூன்று கட்சி சேர்ந்து ஒரு மேயர்,
மன்றத்தில் ஒரே ஓட்டு வித்தியாசம்,
நிறத்தில் ஒத்துப்போகவில்லை.
ஆகவே ஆணை: எல்லாவற்றையும் மரம் தெரியச் சுரண்டு.
வெள்ளிக்குள்.
படிவத்தில் 'நிறம்' என்ற கட்டத்தில்
ஒவிதியோ வெகுநேரம் யோசித்து
'மரம்' என்று எழுதினான்.

மதியத்துக்குள் சாம்பலும் போயிற்று.
அடியில் டிராம்காரரின் சிவப்பு, மெல்லிசாக,
பணமில்லாத நிர்வாகம் பூசும் பூச்சு.
அதை எடுக்க இரண்டு இழுப்பு போதும்.
எடுத்தேன்.
மடியெல்லாம் தூள். எந்தத் தூள் யாருடையது என்று
இனி எவராலும் பிரிக்க முடியாது.
ஆற்றுக்காற்று பாதியை அள்ளிக்கொண்டு போனது.

மேஸ்திரி வந்து விரலால் தடவிப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

அவர் போனதும் பெஞ்சைக் கவிழ்த்தேன்.
அடிப்பக்கம்: சூயிங்கம், சிலந்திக்கூடு,
பலகை இடுக்குகளில் வழிந்து இறுகிய சொட்டுகள்,
ஆரஞ்சு, பச்சை, இரண்டு சிவப்பு, நீலம், மஞ்சள்,
எல்லாவற்றிலும் கனமாய்த் தொங்கும் சாம்பல்.
ஆணையை மறுபடி படித்தேன்.
'உட்காரும் பரப்பு, சாயும் பரப்பு' என்றுதான் இருந்தது.

திருப்பி வைத்தேன்.
அடுத்தது நான்காவது.