மூன்று நாற்பதுக்கு ஒன்று

எஸ்ஸெனிலிருந்து ம்யூல்ஹைமுக்கு
நிலக்கரி போன தண்டவாளத்தைப் பெயர்த்துத்
தார் போட்டிருக்கிறோம்.
தாருக்கு அடியில் கம்பிச்சுருள்.
மேலே சைக்கிள் போனால் ஒன்று.
நடப்பவர்கள் கணக்கில் இல்லை;
இரும்பில்லாத உடம்பு
கருவிக்கு வெறும் காற்று.

நகராட்சியில் என் வேலை
அந்த எண்களைக் கூட்டுவது.
காலை ஏழரைக்கு நானூறு,
மழையென்றால் தொண்ணூறு.
நள்ளிரவு தாண்டிப் பூஜ்யம், பூஜ்யம்,
மூன்று நாற்பதுக்கு மட்டும்
ஒன்று.
பனியிலும். கிறிஸ்துமஸ் அன்றும்.

கருவிக்கோளாறு என்றார் டெட்லெஃப்.
பிப்ரவரியில் ஒரு ராத்திரி தூக்கம் வராமல்
பாலத்தடியில் போய் நின்றேன்.
முதலில் சத்தம்தான் வந்தது,
கண்ணாடியோடு கண்ணாடி இடிக்கும் சத்தம்.
பிறகு சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி,
அதன் ஒரு சக்கரம் மட்டும்
வேறெங்கோ போக ஆசைப்பட,
பின்னால் மார்கிரெட் பியோன்டெக்.

பீர் பாட்டிலுக்கு எட்டு சென்ட்,
பிளாஸ்டிக்குக் கால் யூரோ.
"தெருவெல்லாம் கல் பாவியிருக்கு, உடையுது.
இதுதான் வழவழன்னு இருக்கு" என்றாள்.
அடுத்த ஊர்வரை எப்போது நீட்டுவீர்கள்?
அங்கே கால்பந்து மைதானம் இருக்கிறதாம்.
எனக்குத் தெரியவில்லை.
குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு
அதையும் சொன்னேன்.

நிதி கேட்கும் அறிக்கையில்
'இரவிலும் சைக்கிள் போக்குவரத்து உண்டு' என்று எழுதி,
அவளையும் சேர்த்தே கூட்டினேன்.

அன்றைய பட்டியலைத் திறந்தேன்.
மூன்று நாற்பதுக்குப் பூஜ்யம்.
மூன்று நாற்பத்தாறுக்கு ஒன்று.
நடந்து போயிருந்த நான்
அந்த ஆறு நிமிடம்.