வெள்ளை தீர்ந்த காலை

நாரளி பூர்ணிமாவுக்கு ஒன்பது நாள்.
மழை மூச்சு வாங்கிக்கொள்ளும் ஒரு ஞாயிறு.
வர்ளி கோலிவாடாவின் சேற்றுக் கரையில்
தாங்கியை விரித்து மூன்று காலையும் ஊன்றுகிறேன்.
ஒன்று மட்டும் புதைந்துகொண்டே போகிறது.
யாரோ கழற்றி எறிந்த ஒற்றைச் செருப்பை
அதற்கு அடியில் கொடுக்கிறேன்.

நானும் கோலிவாடாக்காரன்தான்,
சயான் கோலிவாடா. அங்கே கடல் கிடையாது.
வாரத்தில் ஆறு நாள் லோயர் பரேல் அச்சகத்தில்
பிஸ்கட் உறையின் சிவப்பு
போன மாதச் சிவப்போடு ஒத்துப்போகிறதா என்று
லென்ஸ் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன்.
ஏழாம் நாள்
எதோடும் ஒத்துப்போக வேண்டாத ஒரு நிறத்துக்காக
பஸ் பிடிக்கிறேன்.

கடல் நீலம் என்றவன் இந்தப் பக்கம் வந்ததில்லை.
முந்நூற்றெண்பது ரூபாய் அல்ட்ராமரீன் ட்யூப்
மூடி திறக்காமல் கிடக்கிறது.
இந்தக் கடலுக்கு வேண்டியது
ஆறிப்போன கட்டிங் சாயில் ஆடை படிந்த நிறம்,
ஓரத்தில் துளி பச்சை,
டீசல் மிதக்கும் இடத்தில் மட்டும்
யாரும் கேட்காமல் வந்து நிற்கிற ஊதா.

படகு ஒருக்களித்துக் கிடக்கிறது, மூங்கில் முட்டுக் கொடுத்து.
கீழே குந்தி ஒருவர் அதற்குப் பெயின்ட் அடிக்கிறார்.
ஆக, ஒரே படகுக்கு இரண்டு பெயின்டர்கள்.
அவர் கையில் நாலு அங்குல பிரஷ்,
என் கையில் பன்றிமயிர், எட்டாம் நம்பர்.
முனையின் பழைய மஞ்சளை நான் பிடிப்பதற்குள்
அதன் மேல் ஆரஞ்சு ஏறிவிட்டது.
"கொஞ்சம் பின்பக்கத்திலிருந்து வர முடியுமா?"
என் பம்பாய் இந்தியில் கேட்டேன்.
"பூர்ணிமாவைத் தள்ளிப்போடச் சொல்,
அப்புறம் பார்க்கலாம்."
மச்சிந்திரா தாண்டேல், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு வெள்ளை தீர்ந்தது.
ட்யூபின் வாலைச் சுருட்டி, பல்லால் கடித்து,
வயிற்றைக் கீறி வழித்தும் ஆயிற்று.
வெள்ளை இல்லாமல் ஆடி மாதத்து வானத்தை
எவனும் வரைந்துவிட முடியாது.
இப்போது திரும்பினார். ஒன்றும் கேட்கவில்லை.
தன் டப்பாவைக் குச்சி விட்டுக் கிளறி
என் தட்டில் ஒரு கரண்டி ஊற்றினார்.
கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிற எனாமல்.

தெரியும் எனக்கு.
இது நாளைக்கே காய்ந்துவிடும்.
அடியில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய்க்கு ஆறு மாதம் ஆகும்.
மேலே இறுகி, கீழே நெகிழ்ந்து,
பத்து வருடத்தில் என் வானம் வெடிப்பு விடும்.
தொட்டேன். வைத்தேன்.
வழுவழுவென்று, தேவைக்கு மேல் பளபளப்பாக.
அன்றைக்கு வானம் அப்படித்தான் இருந்தது.

பீடி பற்ற வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.
"நம்பரில் ஒரு ஏழு விட்டுப்போச்சு.
கோஸ்ட் கார்டு பிடிப்பான்."
ஏழைப் போட்டேன்.
"பாலம் எங்கே?"
அழகாக இல்லை, விட்டுவிட்டேன் என்றேன்.
"தூணுக்கும் தூணுக்கும் நடுவில்தான் போய் வருகிறோம்.
தூணே இல்லையென்றால்
வழி எதுவென்று படகுக்கு எப்படித் தெரியும்?"
இரண்டு தூண்கள் வரைந்தேன்.
இடைவெளியை நிஜத்தைவிட
ஒரு பிரஷ் அகலம் கூடுதலாக விட்டேன்.
அதை அவர் கவனித்தார்.

பிறகு மழை, சொல்லாமல்.
நீலத் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தோம்.
அன்றைக்கு நான் பார்த்த ஒரே நீலம் அது.
அதற்கடியில் ஈரப் படகும் ஈரப் படமும்
கருவாட்டு வாசமும் டர்பன்டைனும்
நாங்கள் இருவரும்.
கேன்வாஸின் விளிம்பு எங்கோ உரசி
அசல் ஆரஞ்சு ஒரு விரல்கடை ஒட்டிக்கொண்டது.
வானத்தில் ஒரு மீன் செதில். எடுக்கவில்லை.

திங்கட்கிழமை லென்ஸுக்குக் கீழே
சிவப்புக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல் நகம்.
வெள்ளை போகவில்லை.
"வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறீர்களா?" என்றார் மேனேஜர்.
இல்லை, படகுக்கு என்றேன்.