ஃபைன்

எங்கள் நூலகத்தில் அபராதத்தை
ஏப்ரலோடு எடுத்துவிட்டார்கள்.
பலகையை நான்தான் கழற்றினேன்:
ஒரு நாளைக்கு இருபது பென்ஸ் ஃபைன்,
உச்சவரம்பு பத்து பவுண்டு.
ஆணி மட்டும் வரவில்லை.
அதில் இப்போது என் குடை தொங்குகிறது.

மே மாதத்துச் செவ்வாய். தூறல்.
ஹோல்டர்நெஸ் கரையில்
சலித்த மாவு போல் இறங்கும் இந்த மழைக்கும்
ஃபைன் என்றுதான் பெயர்.
மழையே இல்லாத நாளுக்கும் அதே பெயர்.
யாரும் குழம்புவதில்லை.

பெரில் ஆம்ப்ளர் வந்தாள்.
கோட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது
படகு மோட்டார் பழுதுபார்க்கும் புத்தகம்.
அட்டையில் வால்ட்டின் கட்டைவிரல், கிரீஸில்.
பதினொரு வருடத் தாமதம்.
அதில் கடைசி ஏழு மாதம் வால்ட் இல்லை.

எப்படி இருக்கிறாய் என்றேன்.
"ஃபைன்" என்றாள்.
பர்ஸைத் திறந்தபடியே
"ஃபைன் எவ்வளவு?" என்றாள்.

இப்போது அதெல்லாம் கிடையாது என்றேன்,
நல்ல சேதி சொல்கிற குரலில்.
நாலாக மடித்த பத்து பவுண்டு
அவள் விரலிடுக்கிலேயே நின்றது.
"அப்படியென்றால்
இதை எப்படித்தான் முடிப்பது?"

பூட்டுவதற்கு முன்
பெரிய அகராதியை இறக்கினேன்.
பத்தொன்பது வருட வேலையில்
அந்தப் பக்கத்துக்குப் போனதே இல்லை.
எண் போட்டுத் தனித்தனியாகப்
பிரித்து வைத்திருக்கிறார்கள் இரண்டையும்,
பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி.
பூர்விகம் ஒன்றுதான்: லத்தீனில் ஃபினிஸ்.
முடிவு. எல்லை.
வழக்கைத் தீர்க்கக் கொடுத்த பணம் ஒன்று.
கொடுத்தாயா, தீர்ந்தது, போ.
இனித் தொட ஏதுமில்லை என்று
கைவினைஞன் கீழே வைத்த பொருள் மற்றது.
பிறகு துணி, ஒயின், வானம்,
பிறகு எப்போதோ நாம்.
எப்போது என்றும் போட்டிருக்கிறது.
கண்ணாடி வீட்டில்;
பொடி எழுத்து. அதுவும் ஃபைன்தான்.

எல்லை என்றதும் அவள் தோட்டம்.
போன குளிர்காலத்தில்
பின்வேலி களிமண்ணோடு கடலுக்குள் சரிந்தது.
கவுன்சில் ஆள் நாடாவைப் பிடித்து அளந்து
தலையை ஆட்டினபோது
அவள் சொன்ன ஒரே சொல்லும் எனக்குத் தெரியும்.
தபால்காரர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

விட்டுப்போனேனே:
அவளுக்கு ரசீது எழுதிக் கொடுத்தேன்.
பழைய கட்டு இழுப்பறையில் இருந்தது.
வால்ட் ஆம்ப்ளர். ஒரு புத்தகம். ஃபைன். பெறப்பட்டது.
இரண்டு முறை படித்தாள்.
கையெழுத்து எங்கே என்று கேட்டாள். போட்டேன்.

அந்தப் பத்து பவுண்டை
எந்தக் கணக்கிலும் ஏற்ற முடியவில்லை.
திரையில் அதற்குக் கட்டமே இல்லை.
ஸ்டேப்ளர் பின்களோடு கிடக்கிறது.

சனிக்கிழமை
நண்டுப் படகுக்காரர் ஒருவர்
அதே புத்தகத்தை எடுத்தார்.
கிரீஸ் விரலைத் தன் விரலால்
ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.
தாமதமானால் என்ன ஆகும் என்றார்.

ஒன்றும் ஆகாது என்றேன்.