உணர்திறன் 62

புதுவயலில் மில் நின்றுவிட்டதென்று
இரவு பத்தேகாலுக்குப் போன்.
"கறுப்பும் வெள்ளையும் ஒன்னாப் போகுது,
லாரி வேற நிக்குது, சட்டுனு வாங்க"
என்றார் அடைக்கலம்.
அரிசி பார்க்கும் எந்திரத்துக்குக் கண் போய்விட்டதாம்.

பைக்கை எடுத்தேன். முதுகுப் பையில் புது போர்டு.
அப்பளக் கட்டைவிடக் கனமில்லை,
விலை என்னுடைய நாலு மாதச் சம்பளம்.
சாக்கோட்டை தாண்டியதும்
தவிட்டு வாசம் முன்னால் வந்து
வழி காட்டத் தொடங்கியது.

அந்த எந்திரத்தின் வேலை இவ்வளவுதான்:
சரிவில் வழுக்கி வரும் அரிசி
கேமராவின் முன் விழுகிற நேரம்
கண்ணிமைப்பில் நூற்றில் ஒரு பங்கு.
அதற்குள் பார்த்து
அதற்குள் ஆகாதென்று முடிவுகட்டி
காற்றால் ஒரு சுண்டு சுண்டி
அந்த ஒரு மணியை மட்டும் தள்ள வேண்டும்,
கூட விழுகிறவற்றின் மேல் படாமல்.

பழைய போர்டைக் கழற்றினேன்.
தூசு. வேறொன்றுமில்லை.
கருகல் இல்லை, வீக்கம் இல்லை,
தூங்குகிறவன் முகம் போல இருந்தது.
படமெடுத்து உமையாளுக்கு அனுப்பினேன்.
காரைக்குடி ஆய்வகமொன்றில்
நீலத் திராவகத்தில் செம்பு படியவைப்பவள்,
என் மனைவி, அந்நேரம் விழித்திருந்தாள்.

"வெளிய தெரியாது.
உள்ள ஏதோ ஒரு கம்பியில
பொந்து விழுந்திருக்கும்."

கல்யாணமான புதிதில்
பணியாரச் சட்டியை வைத்துத்தான் விளக்கினாள்:
குழி அடியிலிருந்து நிரம்பணும்.
வாய் முந்தி மூடிக்கிட்டா உள்ள வெறும் காத்து.
சிப்புக்குள்ளயும் அப்படித்தான்,
குழிதான் முடியில ஆயிரத்தில் ஒரு பங்கு.
அடியிலிருந்து ஏற ஒரு மருந்து இருக்கு.
எத்தனை சொட்டு என்பதுதான்
என்னோட ஏழு வருசம்.

இப்போது மாட்டுகிற இதில்
உன் செம்பு இருக்கிறதா என்று கேட்டேன்.
"எவளோ ஒருத்தியோட ஏழு வருசம் இருக்கு.
என்னோடது இன்னும் கண்ணாடிக் குவளையில."
பிறகு, "சாப்பிட்டியா?"

புது போர்டு எழுந்தது.
எழுந்ததும் குற்றம் சொல்லத் தொடங்கியது.
கறுப்பு மட்டுமா?
லேசான மஞ்சள், வயிற்றில் சுண்ணாம்பு வெளுப்பு,
ஊசி தொட்டாற்போல் ஒரு புள்ளி,
நெடுக ஓடும் மயிரிழை விரிசல்
எல்லாவற்றையும் சுண்டிச் சுண்டித் தள்ளியது.
கழிவு மூட்டை கண்ணெதிரே நிறைந்தது.

"பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி
இது என்னங்க இப்படிக் கழிக்குது"
என்று அடைக்கலம் தலையில் கை வைத்தார்.
கழிவு கோழித் தீவன விலைக்குத்தான் போகும்.
கொஞ்சம் குறைங்க.

தொண்ணூறிலிருந்து எண்பது.
இன்னும் குறைங்க.
எழுபத்தொன்று.
ஒரு கை அள்ளி விளக்கடியில் விரித்து
லாரிக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.
அறுபது வைத்தேன்,
அப்போது இரண்டு கறுப்பு தப்பி வந்தது.
அறுபத்திரண்டில்
இருவரும் ஒரே நேரத்தில் தலையசைத்தார்கள்.

அதற்குத் தொண்ணூறு வரை தெரியும்.
அறுபத்திரண்டுக்கு மேல்
தெரியாதது போல் இருக்கச் சொல்லிவிட்டு
கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

கிளம்புமுன் கழிவு மூட்டையில்
கைவிட்டு ஒரு பிடி எடுத்து
செல்போன் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தேன்.
என்ன குற்றமென்று பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வர மூன்று மணி.
ஐந்துக்கு அலாரம் வைத்து உறங்கிக்கொண்டிருந்தாள்,
குவளையின் சூட்டைப் போய்ப் பார்க்க வேண்டுமாம்.

அடுக்களையில் மூடிவைத்த சோற்றில்
ஒரு கறுப்பு மணி.
எந்த மில், எந்த எண்,
யார் தலையசைத்ததோ.
ரசம் ஊற்றிப் பிசைந்தேன்.