மணிக்கணக்கு

விண்ணப்பத்தின் ஏழாவது கட்டம் இப்படிக் கேட்கும்:
சேவை செய்த மணிநேரம்.
எண்ணால் மட்டும் எழுதவும்.

எவரெட் ஃபிரீசன்
இருநூற்றுப் பன்னிரண்டு என்று தட்டச்சு செய்திருந்தான்.
தீயணைப்புக் குழாய்களை மூடிய பனியை வாரியது,
பொடியன்களுக்கு ஐஸ் ஹாக்கி சொல்லிக்கொடுத்தது,
உணவு வங்கிக்கு டின் திரட்டியது,
எல்லாம் தேதிவாரியாக, கையொப்பங்களோடு.
நல்ல பையன்.
அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்தில்லை.

ஜொலீன் லாவலியின் தாளில்
அதே கட்டத்தில், பென்சிலால்:
கணக்கு வைக்கலை.

அவளை முன்மொழிந்தவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.
கடிதம் நாலே வரி.
செவ்வாய், வியாழன் மாலைகளில்
அவள் என் பேருந்தில் ஏறுவதில்லை.
கிழவர் பெட்ரிஷினை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறாள்.
சனிக்கிழமையும். போக மட்டும் நூற்றுப்பத்து கிலோமீட்டர்.
அவர் அவளுக்கு உறவில்லை.

நான் கடன் சங்கத்தில் கணக்கர்.
நிரப்பாத கட்டம் எனக்குச்
சோற்றில் கடிபட்ட கல்.

டோனட் கடையில் கூடினோம், ஐந்து பேர்.
மைனஸ் முப்பத்திரண்டு.
அணைத்தால் மறுபடி உயிர் பிடிக்காதென்று
வாசலில் வண்டிகள் புகைந்தபடியே நின்றன.
'அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?'
என்றார் வெர்ன்.
'விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்' என்றேன்.
சொன்னபோது
நியாயமாகத்தான் காதில் விழுந்தது.
இரண்டுக்கு இரண்டு என்று நின்ற இடத்தில்
ஐந்தாவது கை
என்னுடையது.

மார்ச் மாதம், சனிக்கிழமை இரவு, சமூகக் கூடம்.
வறுத்த மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ் சாலட்,
அலுமினியத் தட்டில் சதுரம் சதுரமாகக் கேக்.
எங்கள் சங்கத்தில் எதற்கும் மணி அடிப்போம்:
தொடங்க ஒன்று, சாப்பிட ஒன்று, கைதட்டல் ஓய ஒன்று.
பிந்தி வருகிறவர்
தகர டப்பாவில் இரண்டு டாலர் போட வேண்டும்.
அது விளையாட்டு அபராதம், யாரும் கோபித்ததில்லை.

எவரெட் காசோலையை வாங்கினான்.
டை குத்துகிறதோ என்னவோ, கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.
அவன் அம்மா படம் எடுக்க மறந்துபோய் அழுதாள்.
'பாராட்டுச் சான்றிதழ், ஜொலீன் லாவலி' என்று கூப்பிட்டோம்.
யாரும் எழவில்லை.
கோர்டன் இன்னொரு முறை கூப்பிட்டார்,
பிறகு மணி அடித்தார்.

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.
காற்றோடு பனித்தூள், பனித்தூளோடு அவள்,
அவள் தோளைப் பிடித்தபடி
சூட் போட்ட பெட்ரிஷின்.
கையில் ஊசி குத்திய இடத்தில் இன்னும் பஞ்சுக் கட்டு.
'முடிஞ்சிருச்சா?' என்றார்.
யாரும் பதில் சொல்லவில்லை.
'ரோட்டுல லாரி ஒண்ணு கவுந்து கெடந்துச்சு' என்றாள் அவள்,
மன்னிப்புக் கேட்கிறவள் மாதிரி.

அவர் மேசையில் டப்பாவைப் பார்த்துவிட்டார்.
பழைய உறுப்பினர் அல்லவா.
பர்ஸைத் துழாவி
நாலு டாலர் போட்டார்.
'ரெண்டு பேருக்கும்' என்றார்.

காசு தகரத்தில் விழுந்த சத்தம்
இத்தனை நாளும் மணியில் வராத சத்தம்.

நான் சான்றிதழை எடுத்து நீட்டினேன்.
அவள் வாங்கிப் பார்த்து
'பேர்ல எழுத்து சரியா இருக்கு' என்றாள்,
அதுவே பெரிய அதிசயம் போல.
பிறகு கோட்டைக் கழற்றாமலே
நாற்காலி மடக்க வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து காகித நாப்கினில் கணக்குப் போட்டேன்.
போக வர இரண்டரை மணி, இயந்திரத்தோடு நாலு,
வாரம் மூன்று தடவை,
செப்டம்பரிலிருந்து.
ஐந்நூறைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டேன்.
அடுத்த ஆண்டு அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.
இதையும் கணக்குத்தான் சொன்னது.

புது விண்ணப்பங்கள் தலைமையகத்திலிருந்து
அச்சாகியே வந்தன, நாற்பது பிரதி.
மாற்ற நமக்கு அதிகாரமில்லை என்றார் கோர்டன்.
அடுப்படி மேசையில் உட்கார்ந்து
ஏழாவது கட்டத்தை ஒவ்வொன்றாக அடித்தேன்.
இருபத்தாறாவது தாளில் பேனா வறண்டது.
மீதியைப்
பென்சிலால்.