செந்தூல், காலை ஆறு ஐம்பத்தெட்டு

நேற்று வரை விடுமுறை.
இந்தச் சாலையை மூன்றாவது கியரிலேயே
கடந்து பழகிவிட்டது என் ரொட்டி வேன்.

இன்று பள்ளி திறக்கிறது.
இன்னும் விடியவில்லை.
கோலாலம்பூரில் சூரியன்
பிள்ளைகளுக்குப் பிறகுதான் எழும்,
சோம்பேறி.

முன்பெல்லாம் வெள்ளைச் சப்பாத்து.
இருட்டில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்
தத்தித் தத்திப் போனால்
மேலே ஒரு பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம்.
இப்போது சப்பாத்தும் கறுப்பு.
வெள்ளை பூசுகிற வேலை மிச்சம் என்கிறாள் மனைவி.
அவளுக்குச் சரி.

நிறுத்தியிருந்த மைவிக்கும்
நாசி லெமாக் மேசைக்கும் நடுவிலிருந்து
உருண்டு வந்தது ஒரு தண்ணீர்ப் புட்டி.
பின்னாலேயே
தன்னைவிடப் பெரிய பையோடு ஒருத்தி.
என் முன்விளக்கில் குனிந்தாள்.

அப்புறம் காணோம்.

கண்ணாடிக்குக் கீழே எங்கோ இருக்கிறாள்.
பின்னால் ஹாரன்.
மறுபடி, நீளமாக.
பிரேக்கை மிதித்திருந்தது என் கால்தான்,
ஆனாலும் அதை நான் நம்பவில்லை.
சாவியைத் திருப்பிப் பிடுங்கிக்
கைக்குள் வைத்துக்கொண்டேன்.

எழுந்தாள்.
என் பக்கம் திரும்பவே இல்லை.
புட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்,
தண்ணீர் மிச்சம் இருக்கிறதா என்று.
இருந்தது போல.
போய்விட்டாள்.

ஒட்டுக்கடைக்கு எட்டு நிமிடம் தாமதம்.
"ஜேம்மா?" என்றார் சன்னாசி,
ரொட்டிகளை எண்ணிக்கொண்டே.
ஆமாம் என்றேன்.

உள்ளங்கையில் சாவியின் பற்கள்
அடுத்த கடை வரை
அழியவில்லை.