நன்றிக்கு நன்றி

எனக்கு நிரல் எழுதத் தெரியாது.
கட்டம் இழுக்கத் தெரியும்.
ஒரு கட்டம்: மின்னஞ்சல் வந்தால்.
பக்கத்துக் கட்டம்: இணைப்பைக் கழற்று, மேகத்தில் போடு.
நடுவே ஓர் அம்புக்குறி.
ஊசியில் நூல் கோப்பவள்போல்
நாக்கு நுனி வெளியே தெரிய
இழுத்தேன், ஒட்டிக்கொண்டது.

மேகம் என்றார்கள்.
அக்டோபரிலிருந்து வால்மியெராவின் கூரைகள்மேல்
நகராமல் கிடக்கிறதே, அதுபோல என்றிருந்தேன்.
எங்கோ வயலோரம்
ஜன்னலே இல்லாத கொட்டகையாம்.
உள்ளே விசிறி இரைச்சலில் பேச முடியாதாம்.
"நம் மர ஆலைதான்,
தூளை மட்டும் கழித்துக்கொள்" என்றான் ஐவார்ஸ்,
காதடைப்பானைக் கழற்றாமலே.

பதினோரு வருடம்
ஓலெசுன் மீன் கிடங்கின் ஆர்டர்களை
அச்செடுத்தேன், துளையிட்டேன், பச்சைக் கோப்பில் செருகினேன்.
பேலட் முந்நூற்றிருபது, வெப்பமூட்டியது, லாரி வியாழன்.
கீழே எப்போதும் அதே கையெழுத்து: தூர்கெய்ர்.
நானும் எப்போதும் அதே வரி:
பெற்றுக்கொண்டோம். நன்றி.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை
அந்த வரியையும் கட்டத்துக்குள் தள்ளிவிட்டு
கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.
தங்கைக்கு அன்று ஐம்பது வயது.

அதே வாரம் அங்கே அவரும்
அதே கட்டங்களை இழுத்திருந்தார்.
எனக்கு எப்படித் தெரியும்.

என் நன்றி கடல் தாண்டிப் போனது.
அவர் பெட்டி அதற்கு நன்றி சொன்னது.
வந்ததை என் பெட்டி வாங்கி
தேதி குத்தி, தனி உறை போட்டு, மேகத்தில் பத்திரப்படுத்தி
நன்றி சொன்னது.
வாசலில் நின்றுகொண்டு
நீங்கள் முதலில், இல்லை நீங்கள் என்று
ஒதுங்கி ஒதுங்கி வழிவிடும் இருவர்,
யாரும் உள்ளே போகவில்லை.
தங்கை மெழுகுவர்த்தி ஊதினாள். நன்றி.
சனிக்கிழமை பனி வழித்தார்கள். நன்றி.
ஞாயிறு நான் உறங்கினேன்.
நன்றி. நன்றி.

திங்கள் ஆறே முக்காலுக்குக் கணினியைத் திறந்தால்
பதினாலாயிரத்து இருநூற்று ஆறு.

அழிக்கத்தான் உட்கார்ந்தேன்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினோராவது நன்றிக்கு அடியில்,
சனி அதிகாலை மூன்று மணி எட்டு நிமிடம்,
விரலால் தட்டிய ஒரு வரி:
அங்கே யாராவது இருக்கிறீர்களா?

அதற்கு என் பெயரில்
பன்னிரண்டு விநாடியில் பதில் போயிருந்தது.
பெற்றுக்கொண்டோம். நன்றி.

காது சுட்டது எனக்கு.
பச்சைக் கோப்பின் அட்டையில் அவர் எண் இருந்தது,
ஒருநாளும் அழைக்காத எண்.
நான்கு மணி அடித்தபின்
ஜலதோஷம் பிடித்த ஒரு குரல்.
"ஸ்கைத்ரி...த்தா?"
"த்தே" என்றேன். "நான்தான். இருக்கிறேன்."
இருவர் ஆங்கிலமும் நொண்டி.
அவர் சிரித்தார், இருமினார்,
கிடங்கில் அன்றிரவு தனியாக இருந்தாராம்,
குளிரூட்டி பழுதாம்,
கைப்பேசி நிமிடத்துக்கு நான்குமுறை அதிர்ந்துகொண்டே இருந்ததாம்.
"முதலில் எரிச்சல். அப்புறம்,
யாரோ விழித்திருப்பதுபோல" என்றார்.
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
அந்த ஒரு சொல்லை மட்டும்
இருவருமே வாயில் அடக்கிக்கொண்டு
ஃபோனை வைத்தோம்.

மதியம் புதிதாய் ஒரு கட்டம் இழுத்தேன்,
சாய்சதுரம், நடுவில் கேள்விக்குறி:
அஞ்சலில் நன்றி என்று இருந்தால்
பதில் தராதே, நிறுத்தி வை.
பதினாலாயிரத்தையும் அழித்தேன்,
ஒன்று தவிர.

புதன்கிழமை
வடிகட்டியில் ஏதோ சிக்கியிருப்பதாய்த் திரை காட்டியது.
ஓலெசுன்னிலிருந்து. பேலட் கணக்கு இல்லை. நாற்பது வரி.
திறக்கவில்லை.
அச்சுக்கு மட்டும் கொடுத்துவிட்டு
துளையிடும் கருவியை எங்கே வைத்தேன் என்று
மேசை மேசையாய்த் தேடிக்கொண்டிருக்கிறேன்.